கேஜில் சொன்ன க்ளைமாக்ஸ்

தசரதனுக்கு ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. சொன்னால் சிரிப்பீர்கள். சினிமாக் கொட்டகையில் முடிவு தெரிகிற நேரத்தில் மொத்த ஜனமும் 'ஆ' என்று வாயைப் பிளக்கிறதே, அப்போது தானும் அதோடு சேர்ந்து ஒரு தடவை வாயைப் பிளக்க வேண்டும். அவ்வளவுதான். கோலார் தங்கவயலின் நந்திதுர்க் சுரங்கத்தில் பூமிக்கடியில் பாறைக்கு மரம் முட்டுக் கொடுக்கிற வேலை அவனுக்கு. ஆறு நாள் இருட்டில் வேர்த்துவிட்டு வருகிறவன் ஏழாம் நாள் இதைக்கூட ஆசைப்படக் கூடாதா என்ன? ஆனால் கல்யாணமாகிப் பதினோரு வருஷமாக அது நடக்கவில்லை. காரணம், அவன் பெண்டாட்டி ஞானசுந்தரி.

ஞானசுந்தரிக்குக் கதை என்றால் உயிர். பத்திரிகைத் தொடர்கதை, பொட்டலம் கட்டி வந்த காகிதம், எதையும் விடமாட்டாள். ஊரிகம் லைன் வீடுகளில் அவளைப்போல் படிக்கிற பொம்பளை இன்னொருத்தி கிடையாது. அதுவரைக்கும் பெருமைதான். கொட்டகைக்குள் நுழைந்ததும்தான் வினை. படம் தொடங்கி நாலாவது சீனிலேயே அவளுக்கு எல்லாம் தெரிந்துவிடும். தெரிந்ததை வாய்க்குள் வைத்துக்கொள்ளவும் தெரியாது.

"இன்னாங்க, அந்தப் பிச்சக்காரன் கீறானே, அவன்தான் அவளுக்கு அப்பன். பாத்துகினே இருங்க" என்பாள். முன்வரிசை திரும்பி முறைக்கும். பின்வரிசை "ஏம்மா, வாய மூடிகினு பாரும்மா" என்று கத்தும். கடைசியில் பார்த்தால் அந்தப் பிச்சைக்காரன்தான் அப்பனாக இருப்பான். கொட்டகையே 'ஆ' என்று பதறும்போது தசரதன் மட்டும், விருந்துக்கு முன்னாலேயே வீட்டில் தின்றுவிட்டு வந்தவன்போல மந்தமாக உட்கார்ந்திருப்பான். தப்பாகச் சொன்னாலாவது மன்னிக்கலாம். பாழாய்ப்போனவள், ஒரு தடவைகூடத் தப்பாகச் சொன்னதில்லை.

இப்படி இருக்கையில்தான் ஆண்டர்சன்பேட்டை பூராவும் அந்தப் போஸ்டர் ஒட்டினார்கள். 'அணையாத மூன்றாவது விளக்கு'. வெள்ளைக்காரத் துரைகள் போய் சர்க்கார் துரைகள் வந்து நாலைந்து வருஷம் ஆன சமயம் அது. அந்தப் பேரில் வந்த துப்பறியும் நாவலோ அதற்கும் முப்பது வருஷம் முந்தினது. மாளிகையில் மூன்று விளக்கு எரிகிறது, இரண்டு அணைகிறது, ஜமீன்தார் செத்துக் கிடக்கிறார், மூன்றாவது விளக்கு மட்டும் எரிந்துகொண்டே இருக்கிறது. யார் கொன்றது? ஒரு காலத்தில் எழுத்துக் கூட்டத் தெரிந்தவர்கள் எல்லாம் சோறு தண்ணி மறந்து படித்த கதை. அதைப் படமாக எடுத்துவிட்டார்கள் என்றதும் தசரதனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. துப்பறியும் படம்! 'ஆ' போட இதைவிட நல்ல இடம் எங்கே கிடைக்கும்?

அன்று சாயங்காலம் ஷிஃப்ட் முடிந்து வந்தவன் அவளை உட்கார வைத்துப் பேசிவிட வேண்டும் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தான். வீட்டுக்குள் நுழைந்தால் அடுப்பில் குழம்பு தீய்ந்துகொண்டிருக்கிறது. ஞானசுந்தரி சுவரோரம் சாய்ந்து கண்கள் பளபளக்க உட்கார்ந்திருக்கிறாள். மடியில் தடிமனாக ஒரு பழைய புத்தகம்.

"இன்னாடி அது?"

"பாண்டுரங்கன் கடையில வாடகைக்கு எடுத்தாந்தேன். படம் வர்றதுக்குள்ள படிச்சிடலாம்னு." அவள் புத்தகத்தை மூடினாள். "முடிச்சிட்டேன். யப்பா! இன்னா கத, இன்னா கத! இன்னாங்க, சொல்லட்டா?"

"சொன்னே, அப்புறம் கொலகாரன் நானா ஆயிடுவேன்" என்றான் தசரதன். சட்டையைக்கூடக் கழற்றாமல் அவளெதிரே குந்திவிட்டான். இதைக் கேட்க அவனுக்கே வெட்கமாக இருந்தது. "தோ பாரு ஞானம். பதினோரு வருஷமா நீ சொல்லிச் சொல்லி நான் ஒரு படத்தக்கூடப் படமாப் பாக்கல. எல்லாரும் கத்தறப்ப நானும் ஒரு தபா கத்தணும். இந்த ஒண்ண மட்டும் எனக்கு வுட்டுடு. உன்னக் கெஞ்சிக் கேக்கறேன்."

ஞானசுந்தரி அவனையே பார்த்தாள். இவ்வளவு பெரிய மனுஷனுக்குள் இவ்வளவு சின்ன ஆசை ஒளிந்திருப்பது அவளுக்கு அதுவரை தெரியாது. "எங்கம்மா மேல சத்தியம். சொல்லமாட்டேன்" என்றாள்.

சத்தியம் பண்ணிவிட்டாளே தவிர, அந்தப் பாடு இருக்கிறதே, அது பட்டவளுக்குத்தான் தெரியும். சோறு போடும்போது வாய் திறக்கும். சட்டென்று முந்தானையை வாயில் அடைத்துக்கொள்வாள். வெற்றிலை போடாதவள் வெற்றிலை போடப் பழகினாள். வாய் நிறையச் சாறு இருந்தால் பேச முடியாதே! தூக்கத்தில் உளறிவிடுவோமோ என்று பயந்து ஒருக்களித்துச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். தண்ணீர்க் குழாயடியில் பொம்பளைகள் சுற்றி நின்று "ஏ ஞானம், யாருன்னு எங்களுக்காச்சும் சொல்லேன்" என்று பிடுங்குவார்கள். அவள் தலையை மட்டும் ஆட்டுவாள். அதில் அவளுக்குப் பெருமையும் கொள்ளை கொள்ளையாக இருந்தது. மொத்த லைனிலும் கொலைகாரன் யாரென்று தெரிந்த ஒரே ஆள் அவள்தானே!

படம் வெள்ளிக்கிழமை வந்தது. ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் குளித்து உடுத்திக்கொண்டு ஆண்டர்சன்பேட்டைக்கு நடந்தார்கள். போனால், கோலார் தங்கவயலே அங்கேதான் நிற்கிறது. தசரதன் கூட்டத்துக்குள் புகுந்து கவுண்டரைத் தொடுகிற நேரத்தில், கொட்டகைக்காரன் 'ஹவுஸ்ஃபுல்' பலகையை நிதானமாகக் கொண்டுவந்து மாட்டினான். சட்டையில் இரண்டு பொத்தான் போனதுதான் மிச்சம். அடுத்த ஞாயிறுவரைக்கும் காத்திருக்க வேண்டும். ஆனால் அதே கூட்டத்தில், அவன் கண்ணெதிரிலேயே, இரண்டு டிக்கெட்டைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு சிரித்தபடி வந்தான் ஒருத்தன். அவனைக் கண்டதும் தசரதனுக்குப் போன பொத்தான்கூட மறந்துபோனது. வின்னி!

வின்னி யாரென்றால், அதே ஷாஃப்டில், அதாவது அதே சுரங்கக் குழியில், ரொம்ப ஆழத்தில் பாறையைத் துளைக்கிற டிரில் ஆள். வின்சென்ட் என்று வைத்த பேரை யாரும் கூப்பிட்டதில்லை. ஒரு படத்தைப் பார்த்தானென்றால் அப்படியே பாட்டு, சண்டை, அழுகை எல்லாம் போட்டுச் சொல்லுவான். சொல்லுகிற இடம், கேஜ். ஆட்களை மேலிருந்து கீழே இறக்குகிற அந்த இரும்புக் கூண்டில் முப்பது பேரை நெருக்கி நிற்க வைத்துக் கதவைச் சாத்தினால் அப்புறம் இருட்டும் காற்றும்தான். அந்த இருட்டில் வின்னி கதை சொல்லுவான்.

அதற்கு ஒரு வழக்கம் உண்டு. யார் ஏற்படுத்தினார்களோ தெரியாது, ஆனால் யாரும் மீறினதில்லை. கேஜ் ஒவ்வொரு லெவலாக நின்று நின்று ஆட்களை இறக்கிக்கொண்டே போகும். மேல் லெவலில் இறங்குகிறவனுக்குக் கதையின் தொடக்கம்தான். நடு லெவல்காரனுக்கு இண்டர்வல்வரை. எல்லாருக்கும் கீழே, பாறை கொதிக்கிற லெவலுக்குப் போகிறவனுக்குத்தான் க்ளைமாக்ஸ். சூட்டில் வேகிறவனுக்கு அதாவது கிடைக்கட்டும் என்றுதான். நடுவில் இறங்குகிறவன் "அப்புறம் இன்னாடா ஆச்சி?" என்று வாசலில் தொங்கினால், "கீழ வந்து கேளு" என்று உதைத்து இறக்கிவிடுவார்கள்.

தசரதன் நடு லெவல். கணக்குப் போட்டுப் பார்த்தான். இண்டர்வல்வரை கேட்டாலும் ஒன்றும் குடி முழுகிவிடாது, கொலைகாரன் பேர் நம் லெவலுக்குக் கீழேதானே வரும் என்று தைரியமாகக் கேஜில் ஏறினான். திங்களும் செவ்வாயும் அப்படியே நடந்தது. கீழே போகிற ஆட்கள் தினம் மாறுவார்கள், அதனால் தினமும் கதை முதலிலிருந்துதான். வின்னி டாக்டரைச் சந்தேகப்பட வைத்தான், பாட்டு வாத்தியாரைச் சந்தேகப்பட வைத்தான், ஜமீன்தாரின் தம்பி மகனைச் சந்தேகப்பட வைத்தான். ஒவ்வொரு நாளும் தசரதன் இறங்கிய பிறகு கேஜ் கீழே போகும். கொஞ்ச நேரத்தில் அந்தக் குழிக்குள்ளிருந்து மெல்லிசாக ஒரு 'ஆ' மேலேறி வரும். தசரதன் காதைப் பொத்திக்கொண்டு மரக்கட்டைகளை நோக்கி ஓடுவான்.

புதன்கிழமை காலை. கேஜ் முதல் லெவலுக்குக்கூட இன்னும் வந்திருக்காது. 'தும்' என்று ஒரு சத்தம். காதால் கேட்டது என்பதைவிடக் காலால் கேட்டது என்று சொல்ல வேண்டும். கேஜ் குலுங்கி, ஆடி, நின்றுவிட்டது. மேலிருந்து மண் உதிர்ந்தது. அந்தச் சத்தம் என்னவென்று அங்கே பிறந்த குழந்தைக்கும் தெரியும். எங்கேயோ பாறை வெடித்திருக்கிறது. அதை அவர்கள் பர்ஸ்ட் என்பார்கள். எங்கே, யார்மேல், இன்னொன்று வருமா என்று மேலிருந்து மணி அடிக்கிறவரை ஒன்றும் தெரியாது.

"கீழ எங்கியோ போட்டுச்சிப்பா" என்று முணுமுணுத்தார் மேஸ்திரி ராஜப்பா. எல்லாருக்கும் மூத்தவர், பயந்து யாரும் பார்த்ததில்லை. இன்று அவர் குரலும் நடுங்கியது. அப்புறம் அவரே தொண்டையைக் கனைத்தார். "டேய் வின்னி. அந்தக் கதய முடிச்சிடுடா."

"மேஸ்திரி, இன்னும் லெவல் வர்ல…"

"லெவலாவது மண்ணாவது! உசுரோட எறங்குவமோ மாட்டமோ. நான் மேல்லெவல்காரன், ஆயுசுக்கும் ஒரு கதயோட முடிவு கேட்டதில்ல. செத்தா, கொலகாரன் யாருன்னு தெரிஞ்சிகினாச்சும் சாவறேன். சொல்லுடா!"

"ஆமாண்டா, சொல்லு, சொல்லு" என்று இருட்டு முழுக்கக் குரல்கள்.

"டேய் வேணாண்டா! நான் ஞாயித்துக்கிழம படத்துக்குப் போறேண்டா!" என்று அலறினான் தசரதன்.

"இவன் ஞாயித்துக்கிழமவரிக்கும் இருப்பானாம்!" என்றது ஒரு குரல். அந்த நிலைமையிலும் கேஜ் சிரித்தது.

காதைப் பொத்தலாம் என்று பார்த்தால் ஒரு கை டிஃபன் கேரியரோடு ராஜப்பா முதுகுக்கும் கம்பிக்கும் நடுவே மாட்டியிருந்தது. இன்னொரு கை யாருடைய விலாவுக்கோ கீழே. வேறு வழி தெரியாமல் தசரதன், "முருகா! கந்தா! கடம்பா!" என்று தொண்டை கிழியக் கத்த ஆரம்பித்தான். "யோவ், சாமிய அப்புறம் கூப்டுக்கலாம், மொதல்ல இத்தக் கேளுய்யா" என்று பின்னாலிருந்து ஒருத்தன் அவன் வாயைப் பொத்தினான். வாயைப் பொத்துகிறவன் காதையும் சேர்த்துப் பொத்தித் தொலைத்திருக்கலாம். வின்னி நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாக, அந்த நிசப்தத்தில் போட்டு உடைத்தான்.

"கொலகாரன் இல்லீங்கப்பா. கொலகாரி. எல்லாருக்கும் ஓடி ஓடி சோறு போட்டுச்சே, அந்த சமையக்கார அம்மா!"

'ஆ' என்றார்கள் அத்தனை பேரும். அந்த இரும்புக் கூண்டே ஒரு வாயாகித் திறந்த மாதிரி இருந்தது. தசரதன் ஒருவன்தான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். அவன் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எப்படிக் கொன்றாள் என்று வின்னி தொடங்குவதற்குள் மேலே மணி அடித்தது, கேஜ் நகர்ந்தது. பர்ஸ்ட் விழுந்தது ஆள் நடமாட்டமில்லாத பழைய சுரங்கத்திலாம். யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. அன்றைக்குச் சேதம் என்று பார்த்தால் தசரதனுக்கு மட்டும்தான்.

ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்கு நடந்தபோது ஒரே ஒரு ஆறுதல் இருந்தது. போகட்டும், பாவம், அவளாவது வாயைத் திறக்கட்டும். 'சமையக்கார அம்மாதானே?' என்று கேட்டுவிட்டால் அவளுக்கும் வெற்றிலைச் சாற்றிலிருந்து விடுதலை. அப்படி நினைத்துக்கொண்டே வாசலுக்கு வந்தவன் நின்றான். லைன் வீடுகளுக்கு நடுவே மூங்கில் தட்டிதான் சுவர். இந்த வீட்டில் தும்மினால் அந்த வீட்டில் ஆயுசு நூறு என்பார்கள். உள்ளே ஞானசுந்தரி, பக்கத்து வீட்டு ஃப்ளோராவிடம் தட்டி வழியாகப் பேசிக்கொண்டிருந்தாள்.

"பேரு மட்டும் கேக்காத ஃப்ளோரா. சத்தியம் பண்ணிட்டேன். வேணும்னா ஒண்ணு சொல்றேன். நீ யார வேணா சந்தேகப்படு. அந்த சமையக்கார அம்மாவ மட்டும் படாத. அவ தங்கம். அவளுக்காக நான் எத்தினி அழுதேன் தெரியுமா!"

தசரதன் வாசலிலேயே செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றுவிட்டான். அப்படியென்றால் புத்தகத்தில் வேற ஆள்!

மறுநாள் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கிற சாக்கில் பாண்டுரங்கன் கடைக்குப் போனான். பாண்டுரங்கன் பெட்ரோமாக்ஸ் மேன்டிலும் ஊறுகாய் ஜாடியும் விற்கிற கடையில் ஒரு மூலையில் புத்தகமும் வாடகைக்கு விடுகிறவர். அவர் தலையில் கை வைத்துக்கொண்டிருந்தார். "தசரதா, என்னை ஏன்பா எல்லாரும் வந்து சட்டையப் பிடிக்கறாங்க? புத்தகத்துல தம்பி மகன்தான் கொன்னான், முப்பது வருஷமா அவன்தான் கொல்றான். படத்துல மாத்திட்டா நான் என்ன பண்ணுவேன்? அந்த வேஷத்துல நடிக்கிறவருக்கு ஊர் ஊரா ரசிகருங்க. அவரு கொலகாரன்னா கொட்டகையில ஒரு நாற்காலி முழுசா இருக்குமா? அதான் தூக்கி சமையக்காரி தலையில கட்டிட்டாங்க!"

திரும்பி நடக்கும்போது தசரதனுக்கு முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. பதினோரு வருஷமாகத் தனக்கு ஒரு 'ஆ' கிடைக்கவில்லை என்று புலம்பிக்கொண்டிருந்தானே, அவளுக்கு மட்டும் கிடைத்ததா? நாலாவது சீனிலேயே எல்லாம் தெரிந்துவிடுகிறவள் எங்கே போய் வாயைப் பிளப்பாள்? பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தும் ஒரு நாளும் இது அவன் மண்டையில் ஏறவில்லை. நமக்குத்தான் போச்சு. அவளுக்காவது இருக்கட்டும். எந்தச் சாமி தடுத்தாலும் ஞாயிற்றுக்கிழமைவரை இந்தப் பேர் அவள் காதில் விழவிடக் கூடாது என்று நடுரோட்டில் நின்று முடிவு பண்ணினான்.

ஒரு சௌகரியம் இருந்தது. அவளிடம் யாரும் முடிவைச் சொல்ல வரமாட்டார்கள். படித்தவளிடமே போய்ச் சொல்லுவானேன்? ஆனால் பேச்சுவாக்கில் ஒரு வார்த்தை விழுந்தால் போதுமே. அதனால் தசரதன் இரண்டு நாள் லீவு போட்டுவிட்டு, குழாயடிக்குத் தானே குடத்தைத் தூக்கிக்கொண்டு போனான். பொம்பளைகள் நடுவே ஆறடி ஆள் குடத்தோடு வரிசையில் நின்றால் எப்படி இருக்கும்! சிரிப்பாய்ச் சிரித்தார்கள். ரேஷன் கடைக்கும் அவனே போனான், கிருஷ்ணாயிலுக்கும் அவனே போனான். வீட்டுக்கு யாராவது வந்தால் "ஞானத்துக்கு உடம்பு சரியில்ல, தலவலி" என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினான். உள்ளே குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருந்த ஞானசுந்தரிக்கு ஒன்றும் புரியவில்லை. "இன்னாங்க, எனக்கு ஏதாவது ஆயிடுச்சா? யாராச்சும் ஜோசியம் சொன்னாங்களா?" என்று பயந்துபோய்க் கேட்டாள்.

"ஒண்ணும் ஆகல. நீ வெத்தல போடு" என்றான்.

சனிக்கிழமைதான் பெரிய கண்டம். ஃப்ளோரா மாட்டினி பார்த்துவிட்டு, பொட்டு வைக்காத நெற்றி சிவக்க, கொதித்துக்கொண்டு வந்தாள். தசரதன் லைன் முனையிலேயே காத்திருந்து மறித்தான்.

"வழி வுடுங்கண்ணே! உங்க பொண்டாட்டி தங்கம்னு சொன்னாளே அந்தச் சமையக்காரிய! அவளுக்காக நானும் கொட்டகையில உக்காந்து அழுதுட்டேண்ணே! நாலு கேள்வி கேக்காம வுடமாட்டேன்!"

"ஃப்ளோரா, உன் கால்ல வேணா விழறேன். அவளுக்குத் தெரியாது. நாளிக்கு ஒரு நாள் பொறுத்துக்க."

"தெரியாதா?" ஃப்ளோராவின் கோபம் பொசுக்கென்று அடங்கி, கண் விரிந்தது. "ஞானத்துக்கா? ஒரு கதையோட முடிவு தெரியாதா? யேசுவே!" அவள் கொஞ்சம் யோசித்தாள். "சொல்லலன்னா என் வயிறு வெடிச்சிடும்ண்ணே. ஆனா எங்க வீட்டுக் கதவு ரெண்டு வருஷமா தொங்கிகினு கீது. நீங்க மரவேலக்காரரு. அத்தச் சரி பண்ற சத்தத்துல நான் வாய் தொறந்தாலும் அவளுக்குக் கேக்காது."

அன்று பொழுது சாயும்வரை தசரதன் அந்தக் கதவை அடித்தான். நாலு ஆணியில் முடிகிற வேலைக்கு நாற்பது ஆணி அடித்தான். ஃப்ளோரா பக்கத்தில் நின்று, வாயில் துணியை வைத்துக்கொண்டு சிரித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை முன்னதாகவே போய் டிக்கெட் வாங்கிவிட்டான். எப்போதும் பெஞ்சு டிக்கெட்தான். அன்றைக்கு வாழ்க்கையில் முதல் தடவையாகச் சேர் டிக்கெட். ஞானசுந்தரி பவிசாக உட்கார்ந்து, புடவைத் தலைப்பை நாலாக மடித்து வாய்க்கு எதிரே தயாராக வைத்துக்கொண்டாள்.

படம் ஓடியது. அவள் பட்ட அவஸ்தையைப் பார்த்து அவனுக்குப் பாவமாக இருந்தது. தம்பி மகன் வரும்போதெல்லாம் துள்ளுவாள், தலைப்பைக் கடிப்பாள், அவன் தொடையில் கிள்ளுவாள். சமையல்கார அம்மாள் வந்தால் "பாவம்" என்று உருகுவாள். இண்டர்வலில்கூட ஒரு வார்த்தை பேசவில்லை. சத்தியத்தைக் காப்பாற்றினாள், மகராசி.

கடைசியில் அந்த இடம் வந்தது. துப்பறியும் நிபுணர் எல்லாரையும் கூடத்தில் நிற்க வைத்து ஒவ்வொருவராகக் கடந்து நடக்கிறார். தம்பி மகனுக்கு எதிரே நிற்கிறார். ஞானசுந்தரி நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள். இதோ, இதோ என்று அவள் உடம்பே சொல்லியது. புருஷன் கத்தப் போகிற நேரம் வந்துவிட்டது என்று அவளுக்கு அத்தனை சந்தோஷம். நிபுணர் தம்பி மகனைத் தாண்டிப் போனார். தூணோரம் காபித் தட்டோடு நின்ற அம்மாள் பக்கம் திரும்பி விரலை நீட்டினார்.

"ஐயய்யோ! ஆ…!"

கொட்டகையே கத்தியது. அத்தனை சத்தத்துக்கும் மேலே ஒரு குரல் கேட்டது. ஞானசுந்தரி எழுந்தே நின்றுவிட்டாள். தலைப்பு கீழே விழுந்ததுகூடத் தெரியவில்லை. வாய் பிளந்து, கண் பிளந்து, மேளத்தைக் கண்ட சின்னப் பிள்ளைமாதிரி நின்றாள். "உக்காரும்மா!" என்று பின்னால் கத்தினார்கள். அவளுக்குக் காது கேட்டால்தானே! தசரதன் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். பதினோரு வருஷத்தில் இப்படி ஒரு முகத்தை அவள் அவனுக்குக் காட்டினதே இல்லை. திரையில் அந்த அம்மாள் எதையோ சொல்லி அழுதுகொண்டிருந்தாள். அவன் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

வெளியே வந்தும் ஞானசுந்தரிக்கு மூச்சு வாங்கியது. "மாத்திட்டாங்க! பாவிங்க, மாத்திட்டாங்க! பொஸ்தகத்துல அந்தத் தம்பி மகன்தாங்க! எனக்கு நெஞ்சே நின்னுடுச்சி!" சிரித்தாள், மார்பைத் தட்டிக்கொண்டாள், மறுபடியும் சிரித்தாள். கடைத்தெருவில் பத்தடி நடந்தவள் சட்டென்று நின்றாள்.

"நீங்க ஏன் கத்தல?"

"கத்தினேனே."

"இல்ல." கதை படிக்கிற கண் அவளுக்கு. அவனை மேலும் கீழும் பார்த்தது. "நான் தற்செயலாத் திரும்பனேன். நீங்க படத்தப் பாக்கல. என் மூஞ்சியப் பாத்துகினு இருந்தீங்க. கொலகாரி யாருன்னு தெரியற எடத்துல எவனாச்சும் பொண்டாட்டி மூஞ்சியப் பாப்பானா? அதுவும் குடம் தூக்கிகினு குழாயடிக்குப் போனவரு. ரெண்டு வருஷமா தொடாத கதவுக்குப் பொழுது சாயறவரிக்கும் ஆணி அடிச்சவரு. என்ன வூட்ட வுட்டு வெளியவே வுடல. உங்களுக்கு முன்னாடியே தெரியும். யாரு சொன்னது?"

இதற்குமேல் மறைக்க அவனுக்குத் தெம்பில்லை. "வின்னி. கேஜில. பர்ஸ்ட் ஆன அன்னிக்கி."

"பொதங்கிழமயா?" அவள் குரல் இறங்கிவிட்டது. "பொதங்கிழமயிலருந்து உள்ள வெச்சிகினு எங்கூடச் சோறு தின்னீங்களா? உங்க ஆச போச்சேங்க!"

"போனாப் போவுது. உனக்குக் கெடச்சிதில்ல."

கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தனக்காக ஒருத்தன் இத்தனை பண்ணுவான் என்று எந்தக் கதையிலும் அவள் படித்ததில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, மெதுவாகக் கேட்டாள். "சரி, அவ எப்படிக் கொன்னா? அந்த மூணாவது வெளக்கு ஏன் அணையல?"

தசரதன் விழித்தான். "தெரியாது. வின்னி சொல்றதுக்குள்ள மணி அடிச்சிட்டான். இங்கயும் நான் பாக்கல."

"நெசமா தெரியாதா?"

"நெசமா தெரியாது. நீதான் சொல்லேன்."

அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. வாயைத் திறந்தாள். அவனே சொல்லச் சொல்லுகிறான், சத்தியமும் முடிந்துபோய்விட்டது. ஆனால் திறந்த வாயை அவளே மூடிக்கொண்டாள். "மாட்டேன். அதுக்குத்தான் எல்லாரும் மொதல்ல கத்தினதவிட ஜாஸ்தியாக் கத்தினாங்க. வர்ற ஞாயித்துக்கிழம மறுபடி வரோம். உங்களுது இன்னும் அங்கியே கீது."

"ஏ ஞானம், ஒரு வாரமா! ஒரே ஒரு வார்த்த சொல்லு."

"மூச்! பேசாம வாங்க."

அதற்குள் கொட்டகைக் கூட்டம் பின்னாலிருந்து வந்து அவர்களைச் சூழ்ந்துகொண்டது. தோளில் கை போட்டுக்கொண்டு வந்த இரண்டு பேரில் ஒருத்தன் உரக்கத் தொடங்கினான். "இன்னா மூளடா அவளுக்கு! அந்தத் திரியப் பாத்தியா, அதுலதானே அவ…"

ஞானசுந்தரி ஒரே எட்டில் புருஷன் பின்னால் போய் நின்று இரண்டு உள்ளங்கையாலும் அவன் காதுகளை இறுக்கப் பொத்தினாள். பட்டப்பகலில், ஆண்டர்சன்பேட்டைக் கடைத்தெருவில், ஊர் முழுக்கப் பார்க்க! புருஷன் பேரைக்கூட வாயால் சொல்லாத காலம் அது. பாண்டுரங்கன் கடையைவிட்டே எழுந்து வந்துவிட்டார். கிழவிகள் வாயில் கை வைத்துக்கொண்டார்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை. "நடங்க, நடங்க" என்று தள்ளினாள். அது தசரதனுக்குக் கேட்கவில்லை, ஆனாலும் நடந்தான். கூட்டம் முழுசாகக் கலைந்து, ஊரிகம் போகிற ரோட்டில், தங்கம் எடுத்தபின் கொட்டின சயனைடு மண்மேடு வருகிறவரைக்கும் அவள் கையை எடுக்கவில்லை.